எதை அளக்கிறோமோ அதையே கட்டுகிறோம்



இந்த அறக்கட்டளை மேடையில் பொறியியல் கல்வி பற்றி நான் விரும்பும் எதையும் பேசலாம் என்று உரிமை கொடுத்தார்கள். மாணவர்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டிகளை எடுத்துக்கொண்டேன். குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் போகும் வண்டி, புகை குறைந்த வண்டி, பெட்ரோலே வேண்டாத வண்டி எனப் பல வகைப் போட்டிகள் உலகெங்கும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோப்பையிலும் சாதனை எண்ணிலும் முடிந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் போட்டிகளின் விதிநூல். இரவு பகலாகப் பட்டறையில் கிடக்கும் மாணவனுக்கும் மாணவிக்கும் உண்மையில் பாடம் நடத்துவது அதுதான். விதிநூல் எதை அளக்கச் சொல்கிறதோ அதை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அது கேட்காததைக் கற்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே விதிநூலை எழுதுகிறவர்கள் பெரிய பொறுப்பைச் சுமக்கிறார்கள். இதைச் சில உண்மைக் கதைகளோடு விளக்க விரும்புகிறேன்.

முதல் கதை 1968-இல் நடந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கால்டெக், கிழக்குக் கரையில் எம்.ஐ.டி. என இரண்டு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள். கால்டெக்கில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த வாலி ரிப்பல் 1958-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றை மின்வண்டியாக மாற்றினார். மாற்றியதோடு நில்லாமல் எம்.ஐ.டி. மாணவர்களுக்குச் சவாலும் விட்டார். அவர்களும் ஏற்று, செவர்லே கார்வேர் ஒன்றில் நிக்கல் காட்மியம் பேட்டரிகளை ஏற்றினார்கள். ஆகஸ்ட் 26 அன்று இரு வண்டிகளும் ஒரே நேரத்தில், எதிரணியின் வளாகத்தை நோக்கிப் புறப்பட்டன. ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். வழியில் 54 இடங்களில் மின்னேற்ற ஏற்பாடு. கொதித்த பேட்டரிகளுக்கு ஐஸ் வைத்துக் குளிரூட்டினார்கள். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். எம்.ஐ.டி. வண்டிதான் முதலில் எல்லையைத் தொட்டது. ஆனால் இழுத்துச் சென்ற தூரத்துக்கெல்லாம் தண்டனை நேரம் கூட்டிப் பார்த்தபோது சுமார் அரைமணி நேர வித்தியாசத்தில் கால்டெக் வென்றது.

அந்தப் போட்டி அளந்தது நேரத்தை மட்டும். எத்தனை யூனிட் மின்சாரம் செலவாயிற்று என்பதற்கு மதிப்பெண் இல்லை. அந்த மின்சாரம் எந்த நிலக்கரியை எரித்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் மாணவர்கள் கற்றது பேட்டரியின் சூட்டையும் மின்னேற்றும் வேகத்தையும் பற்றி. அது சின்ன விஷயமல்ல. இன்றைக்கும் மின்வண்டிப் பொறியாளருக்குத் தலைவலி தரும் இரண்டு சிக்கல்களே அவை. அதே ரிப்பல் பிற்காலத்தில் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் 'இம்பாக்ட்' மின்காரை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1990 ஜனவரியில் காட்சிக்கு வந்த அந்தக் கார்தான் பின்னர் இவி1 ஆயிற்று. மாணவப் பருவத்தில் கை அழுக்காகக் கற்றது இருபது ஆண்டு கழித்துப் பயன்பட்டது.

இரண்டு ஆண்டுகளில் கேள்வியே மாறியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்பதைக் கண்டு சொன்னவர் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தச் சேர்மங்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதே ஆய்வுமுறையை நகரக் காற்றின் மேல் திருப்பினார். வண்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் அந்த மூட்டம் எழுகிறது என்று 1950-களின் தொடக்கத்திலேயே காட்டினார். இப்படி ஒருவர் நடமாடிய வளாகத்தின் மாணவர்கள், காற்றை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? 1970 ஆகஸ்டில் இரு நிறுவனங்களின் மாணவர்களும் சேர்ந்து 'கிளீன் ஏர் கார் ரேஸ்' என்ற பந்தயத்தை நடத்தினார்கள். எம்.ஐ.டி.யிலிருந்து கால்டெக் வரை ஒரு வார ஓட்டம். பெட்ரோல், எரிவாயு, மின்சாரம், எஞ்சினும் மின்மோட்டாரும் கலந்த ஹைப்ரிட் என்று பலவகை வண்டிகள் வந்தன. முந்திப் போனவருக்குப் பரிசு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, புகைக்குழாயில் என்ன வருகிறது என்பதை அளந்து மதிப்பெண் போட்டார்கள்.

அதில் முதலிடம் பெற்றது டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபோர்டு காப்ரி. பார்த்தால் சாதாரணப் பெட்ரோல் கார். ஈயம் கலக்காத பெட்ரோலும், புகைக்குழாயில் பொருத்திய வினையூக்கி மாற்றிகளுமே அதன் பலம். வினையூக்கி மாற்றியை மாணவர்கள் கண்டுபிடிக்கவில்லை. யூஜீன் ஹூட்ரி என்ற பொறியாளர் 1950-களிலேயே அதை வடிவமைத்திருந்தார். ஆனால் அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அது பரவவில்லை. ஈயத்தை நீக்கினால் சாத்தியம் என்பதை மாணவர்கள் நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் கையெழுத்தானது. 1975-க்குள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. முடியவே முடியாது என்று கார் நிறுவனங்கள் வாதாடின. 1975 மாடல் கார்கள் வினையூக்கி மாற்றியோடு வந்தன. நம் சென்னை உட்பட இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது 1995-இல். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-இல். அந்த மாணவர்களால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. முடியாது என்று பெரியவர்கள் சொன்ன ஆண்டிலேயே முடியும் என்பதற்கான ஓடும் சாட்சியைக் கட்டி வைத்தார்கள் என்கிறேன். அதற்குக் காரணம், அவர்களுடைய விதிநூல் காற்றைப் பற்றிக் கேட்டது.

இனி, உங்களில் பலருக்குத் தெரிந்த ஷெல் ஈகோ மாரத்தானுக்கு வருகிறேன். 1939-இல் இல்லினாய் மாநிலத்தில், ஷெல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் சிலர் தங்களுக்குள் கட்டிய பந்தயத்தில் தொடங்கியது அது. ஒரு காலன் பெட்ரோலில் யார் வண்டி அதிக தூரம் போகிறது? அன்று வென்றவர் எட்டியது லிட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். 1985-இல் பிரான்சில் அது மாணவர் போட்டியாக உருவெடுத்தது. 2010-இல் மலேசியாவின் செபாங் வழியாக ஆசியாவுக்கு வந்தது. 2018 டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலேயே நடந்தது.

அந்த மரபில் வந்த வண்டிகளில் புகழ்பெற்றது சூரிச் நகரின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய 'பேக் கார் 2'. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடுவது, வண்டியின் எடை 29 கிலோ. 2005 ஜூனில் பிரான்சின் லாடூ சோதனைத் தடத்தில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றலில் 5,385 கிலோமீட்டர் என்ற கணக்கை எட்டியது. இந்த எண்ணைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். கைதட்டிவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. 5,385 கிலோமீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு ஆறு ஜூல். அறுநூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் அவ்வளவுதான். ஓட்டுநரையும் சேர்த்து எண்பது கிலோ அளவில் இருக்கும் வண்டி, ஒவ்வொரு மீட்டரையும் அந்த ஆறு ஜூலில் கடக்கிறது. அதிலும் ஒரு பகுதி கலத்திலும் மோட்டாரிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் நம் கார் அதே மீட்டருக்குச் செலவழிப்பது 1,600 ஜூல்.

மீதி எங்கே போனது என்று தேடுவதுதான் கல்வி. டயர் தரையில் அமுங்கி நிமிரும்போது கொஞ்சம். காற்றைப் பிளக்கும்போது கொஞ்சம். அதுவும் வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. பேரிங்கில், செயினில், பிரேக் பேட் லேசாக உரசுவதில் கொஞ்சம். எஞ்சினுக்குள்ளேயே பெரும்பகுதி. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு அது எத்தனை நிமிடம் சுற்றுகிறது என்று கடிகாரம் பிடித்துப் பார்க்கும் மாணவன், உராய்வைப் பற்றிப் பாடநூல் சொல்லாத ஒன்றை அறிகிறான். பெட்ரோல் பிரிவில் எரிபொருளைச் சிறிய கண்ணாடிக் கலத்தில் வைத்து அளப்பார்கள். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் பெட்ரோலின் கனஅளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடிவிடும். அதைத் திருத்திக் கணக்கிடாவிட்டால் முடிவு பொய்யாகும். அளவையின் நேர்மை என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது.

ஓட்டும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் நல்ல சுமையில் ஓடும்போதுதான் திறமையாக ஓடும். மெல்ல உறுமிக்கொண்டிருக்கும்போது எரிபொருளைத் தின்னும், வேலை செய்யாது. எனவே இந்த அணிகள் எஞ்சினைச் சில நொடிகள் முழுச் சுமையில் ஓட்டி வேகமெடுத்து, அணைத்துவிட்டு உருளவிடுகின்றன. வேகம் தணிந்ததும் மீண்டும் கிளப்புகின்றன. அண்ணா சாலையில் யாரும் இப்படி ஓட்டக் கூடாது. ஆனால் இன்றைய ஹைப்ரிட் கார்கள் சிக்னலிலும் ஊர்ந்து செல்லும்போதும் எஞ்சினை அணைத்துவிடுவது இதே கணக்கின் சாலை வடிவம்.

இவ்வளவு சொன்ன பிறகும், என் தீர்ப்பை ஒளிக்க மாட்டேன். ஒருவர் படுத்தபடி ஓட்டும் 29 கிலோ கூட்டை நான் கார் என்று சொல்ல மாட்டேன். அதே போட்டியில் 'அர்பன் கான்செப்ட்' என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. நான்கு சக்கரம், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, முகப்பு விளக்கு, சாமான் வைக்க இடம், ஓட்டத்தின் நடுவே நின்று கிளம்ப வேண்டிய கட்டாயம். அங்கே எண்கள் சிறியவை, செய்தித்தாளில் வராதவை. அந்தப் பிரிவில் கடைசியாக வரும் அணிகூட, சாலைக்கு நெருக்கமான ஒன்றைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு இந்தப் போட்டி கேட்கும் முதற்கேள்வி, எவ்வளவு தூரம் என்பது. புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்பதை வைத்து வெற்றியாளரைத் தீர்மானிப்பதில்லை. இதில் என்ன குறை? சிக்கனமும் தூய்மையும் ஒன்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல நேரங்களில் அவை ஒன்றையொன்று இழுக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால்தான் மும்முனை வினையூக்கி மாற்றி மூன்று நச்சுக்களையும் ஒரே நேரத்தில் அடக்கும். காற்றைக் கூட்டி மெலிந்த கலவையாக எரித்தால் மைலேஜ் ஏறும். ஆனால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜன், நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் வேலையைக் கெடுத்துவிடும். 1970-களில் புகையைக் குறைக்க எடுத்த முதல் முயற்சிகளால் பல கார்களின் மைலேஜ் சரிந்ததும் இந்த இழுபறியால்தான். கரியமில வாயு வேறு கணக்கு: ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வரும், எந்த மாற்றியும் அதைக் குறைக்காது, குறைவாக எரிப்பது ஒன்றே வழி. நுரையீரலைக் காப்பதும் காலநிலையைக் காப்பதும் இரண்டு தனித்தனிக் கடமைகள். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் விதிநூல்தான் முழுமையான பொறியாளரை உருவாக்கும்.

விதி மாறினால் வண்டி எப்படி மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் உலக சூரிய வண்டிப் போட்டி நல்ல சாட்சி. 1987 முதல் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர் நடக்கும் அந்தப் போட்டியில், பெரும்பாலும் ஒருவர் மட்டும் அமரும் தட்டை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2013-இல் பயணிகளையும் பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கும் 'க்ரூஸர்' பிரிவைச் சேர்த்தார்கள். உடனே நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள் நான்கு பேர் அமரும் 'ஸ்டெல்லா'வோடு வந்து அந்தப் பிரிவை வென்றார்கள். அந்த அணியிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய லைட்இயர் நிறுவனம் சூரியக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்து, பணமுடையில் 2023 தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்தியது. வணிகம் தோற்றது. நான்கு பேரைச் சுமந்து வெயிலில் ஓடும் கார் சாத்தியம் என்ற செய்தி தோற்கவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது, அமெரிக்க எரிசக்தித் துறையும் ஆர்கான் தேசிய ஆய்வகமும் 1988 முதல் நடத்திவரும் தொடர். முதலில் மெத்தனால் மாரத்தான், பிறகு ஃபியூச்சர் கார், ஃபியூச்சர் டிரக், சேலஞ்ச் எக்ஸ், 2008 முதல் ஈகோகார். கார் நிறுவனம் ஒன்று கடையில் விற்கும் அதே காரை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கிறது. ஈகோகார் 3-இல் கொடுத்தது செவர்லே கமாரோ. வேகத்துக்கும் உறுமலுக்கும் பேர் போன கார்! அதைப் பிரித்து, ஹைப்ரிடாக மாற்றி, நான்கு ஆண்டில் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. 2018-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வென்றது. அங்கே விதிநூல் ஆற்றல் செலவை அளந்தது, புகையை அளந்தது, முடுக்கத்தையும் பிரேக்கையும் அளந்தது, வாங்குபவர் இதை ஏற்பாரா என்றும் கேட்டது. எரிபொருளைக் கிணற்றிலிருந்து எடுப்பது முதல் சக்கரம் சுழல்வது வரை வெளியாகும் வாயுக்களையும் கணக்கில் கொண்டது. மின்சாரம் பிளக்கில் பிறக்கிறது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

நான்கு ஆண்டுப் போட்டி என்பதன் பொருளையும் யோசித்துப் பாருங்கள். தொடங்கி வைத்த மாணவர்களில் பலர் முடிவைப் பார்ப்பதற்குள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வயரும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதை எழுதி வைத்துவிட்டுப் போகாவிட்டால் அணி செத்துவிடும். நம் கல்லூரிகளில் நான் காணும் பெருங்குறை இதுதான். இறுதியாண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் போகும்போது அறிவும் அவர்களோடு போய்விடுகிறது. அடுத்த அணி அதே சேஸிஸில், அதே இடத்தில், அதே வெல்டிங் விரிசலைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது.

நம் நாட்டில் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா 2007 முதல் கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு பாஹா போட்டியை நடத்துகிறது. 2011-இல் ஃபார்முலா வகைக் கார்களுக்கு சுப்ரா வந்தது. மிதித்தும் மோட்டாரிலும் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு எஃபிசைக்கிள் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்துக் கரி பந்தயத் தடத்தில் ஃபார்முலா பாரத் நடந்து வருகிறது. இவற்றில் கலந்துகொள்ளும் மாணவர்களின் உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆயினும் ஃபார்முலா வகைப் போட்டிகளின் தாய் விதிநூலைப் பாருங்கள்: 1,000 புள்ளிகளில் எரிபொருள் சிக்கனத்துக்கு 100. பந்தயக் கார் கட்டும் போட்டிக்கு அது நியாயமான பங்குதான். நம் ஊரில் எத்தனை பேர் பந்தயக் காரில் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

நம் தெருவில் ஓடுவது ஷேர் ஆட்டோ. காய்கறியும் தண்ணீர் கேனும் சுமப்பது குட்டியானை. காசிமேட்டில் இன்றும் மீன்பாடி வண்டி ஓடுகிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள், நாற்பது டிகிரி வெயில், முழங்கால் மழைநீர், நூறு மீட்டருக்கு ஒரு வேகத்தடை, ஓயாத நிற்றலும் கிளம்பலும். இந்தப் பாட்டை நான் அறிந்த எந்த விதிநூலும் கேட்டு எழுதியதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

அந்த விதிநூலில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்? வண்டிக்கு ஆகும் ஆற்றலைவிட, ஒரு ஆளை ஒரு கிலோமீட்டர் கொண்டு சேர்க்க ஆகும் ஆற்றலை அளக்க வேண்டும். பெட்ரோலோ எரிவாயுவோ என்றால் புகையை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மின்வண்டி என்றால் எப்போது மின்னேற்றினார்கள் என்பதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் ஆடி மாதத்து மின்சாரமும், அனல் நிலையத்தை நம்பியிருக்கும் வேறொரு நாளின் இரவு மின்சாரமும் ஒன்றல்ல. பழுதானால் தெருமுனை மெக்கானிக் தன்னிடமுள்ள ஸ்பானர் செட்டைக் கொண்டே சரிசெய்ய முடிகிறதா என்று, மெக்கானிக்கையே நடுவராக அழைத்துப் பார்க்க வேண்டும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் அணியில் சம உறுப்பினராக இருக்க வேண்டும். நல்ல வெல்டர் இல்லாமல் நல்ல வண்டி இல்லை. எடை குறைவு என்பதற்காக மாணவியை ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்கார வைக்கும் பழக்கம் பல அணிகளில் இருக்கிறது. எஞ்சினையும் கண்ட்ரோலரையும் அவர் கையில் கொடுங்கள். தோற்ற அணியின் அளவீடுகள் உட்பட எல்லாத் தரவுகளும் போட்டி முடிந்ததும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாக வேண்டும். அடுத்த ஆண்டின் அணிகள் அங்கிருந்து தொடங்கட்டும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பழைய ஆட்டோ ஒன்று, நம்பகமான அளவுக்கருவிகள், கல்லூரி வளாகத்தைச் சுற்றி ஒரு தடம், பாடத்திட்டத்தில் இந்த உழைப்புக்கென்று உரிய மதிப்பெண். மாணவர்கள் தூக்கத்தைத் துறந்து செய்யும் வேலையை 'கூடுதல் செயல்பாடு' என்று ஒதுக்கிவைக்கும் பல்கலைக்கழகங்கள் அந்த வழக்கத்தை விட வேண்டும். வாகனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, இதை இன்னும் செய்யாமல் இருப்பதற்கு நமக்குச் சாக்கு எதுவும் இல்லை.

இந்த அவையில் இயந்திரவியல் துறையும் மின்னியல் துறையும் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. ஷேர் ஆட்டோவுக்கான அந்த விதிநூலின் முதல் வரைவை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதித் தாருங்கள். எழுதும் குழுவில் மாணவர் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், நாள் முழுதும் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். இதுவே இந்த அறக்கட்டளை மேடையிலிருந்து நான் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.